வாழைச்சேனையில இருந்து வவுனியா: நடுவில திருகோணமலையில இறங்கி ஏறணும், அம்மாவும் கூட

கல்குடாக் காத்து:

எல்லாருக்கும் வணக்கம். நான் வாழைச்சேனை. அம்மாவுக்குக் கோணேசர் கோயில்ல ஒரு நேர்த்தி கிடக்கு. அக்கா கலியாணம் முடிச்சு வவுனியாவில, குருமன்காட்டுப் பக்கம். ஒரே நாளில ரெண்டு அலுவலையும் முடிக்கிற யோசனை. விடியவெள்ளண பஸ் எடுத்துத் திருகோணமலை, அங்க கோயில், மறுகா வவுனியா பஸ். இரவு அக்கா வீட்டில படுக்கை.

பிரச்சினை அம்மாட முழங்கால். வீட்டுப் படி ஏறவே சுவரப் பிடிக்கிறா. பஸ் மிதிபலகை உயரம் எண்டா ஒராள் கீழ நிண்டு தாங்கணும். நிண்டுகொண்டு போறது எண்ட கதைக்கே இடமில்ல. திருகோணமலை பஸ் ஸ்டாண்டுக்கு நான் கடைசியா வந்தது வெருகல் பாலமெல்லாம் திறந்த புதுசில. நாலு பக்கமும் நாலு பேர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கத்தினது மட்டும் ஞாபகம்.

வவுனியா பஸ் எந்தப் பக்கம் நிக்கும்? இ.போ.ச. (அரசாங்க பஸ்) நல்லமா தனியார் நல்லமா? இவர் சொல்றார், கூட்டாளிட காரை எடுப்பம், பஸ்ஸெல்லாம் வேணாமெண்டு. ஆனா இவர் திருகோணமலை ரவுனுக்குள்ள ஒருநாளும் வாகனம் ஓட்டினதில்ல. எது சுகம்? ஊராக்கள் சொல்லுங்க.

---

தண்டவாளம்:

வாழைச்சேனையில இருந்து வவுனியாவுக்கு ஏன் திருகோணமலைக்கு ஏறிச் சுத்தணும்? பொலன்னறுவை, ஹபரண, மரதன்கடவல, பிறகு யாழ்ப்பாணம் போற ஏ9 ரோட்டு. நேர் ரோட்டு.

---

கல்குடாக் காத்து:

தம்பி, நேர்த்தி கோணேசருக்கு. ஹபரணயில கோணேசர் இல்லயே.

---

பழைய ரிக்கெட் புத்தகம்:

பிள்ளை, நான் திருகோணமலை. வவுனியா ரூட்டில தனியார் பஸ்ஸில கொண்டக்டரா கனகாலம் நிண்டவன். இப்ப வீட்டோட. ஆனா பின்னேரத்தில காலாற நடந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் ஒரு பிளேன்ரீ குடிக்காட்டி எனக்கு நித்திரை வராது. அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுவன், பொறுத்துக்கொள்ளும்.

முதல்ல, கத்துறவனிட்டப் போகவேண்டாம். கத்துறவன்ர வேலை தன்ர பஸ்ஸை நிரப்புறது. நாங்களும் அப்பிடித்தான் கத்தினம். தனியார் பஸ்ஸில கொண்டக்டருக்கும் சாரதிக்கும் அண்டைய வசூலிலதான் சம்பளம், சீட் காலியா வெளிக்கிட்டா எங்கட வயித்திலதான் அடி. "வவுனியாவா, ஓம் ஓம் ஏறுங்கோ" எண்டுவான். அது அனுராதபுரம் போற பஸ்ஸா இருக்கும். "ஹொரவப்பொத்தானயில இறக்கி விடுறன், அங்க பின்னால வவுனியா பஸ் வரும்" எண்டு பாதி வழியிலதான் சொல்லுவான். அவன் சொன்னதில பொய்யில்ல. அனுராதபுரம் போற ஏ12 ரோட்டில போய் ஹொரவப்பொத்தானயிலதான் வவுனியா ரோட்டு பிரியுது. ஆனா முழங்கால் ஏலாத மனிசியை அந்தச் சந்தி வெயில்ல இறக்கி இன்னொரு மிதிபலகையில ஏத்துறது உமக்கு வேணுமோ? கேக்கிற கேள்வியை மாத்தும். "வவுனியா போகுமா" எண்டு கேட்டா எல்லாருக்கும் ஓம்தான் மறுமொழி. "வவுனியா பஸ் ஸ்டாண்டில கொண்டுபோய் இறக்குமா, இடையில பஸ் மாறணுமா" எண்டு கேளும். அப்ப முகத்தில தெரியும்.

கேக்கவேண்டிய ஆள் ரைம்கீப்பர். இ.போ.ச. பக்கமும் தனியார் பக்கமும் ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டுதான், தூரமில்ல. ரெண்டு பக்கமும் நேரம் பதியிற ஆக்கள் இருப்பினம், பஸ்காரர் தாளைக் கொண்டுபோய் நீட்டி நேரம் போட்டுக்கொண்டு வருவாங்கள். அந்த மனிசனுக்கு உம்மை எந்த பஸ்ஸில ஏத்தினாலும் ஒரு சதம் லாபமில்ல. அதாலதான் சொல்றன். அடுத்த வவுனியா பஸ் எது, எத்தினை மணிக்கு, எந்த இடத்தில வந்து நிக்கும் எண்டு அவரிட்டக் கேட்டுப்போட்டு, கோயிலுக்குப் போக முதலே நேரத்தைக் குறிச்சு வையும். திரும்பி வந்து கேக்கலாமெண்டு விடவேண்டாம். பின்னேரமாக ஆக அந்தப் பக்கத்து பஸ் குறைஞ்சுகொண்டே போகும். காட்டு ரோட்டு, யானை நடமாட்டம், இருட்டினா சனமும் இல்ல, பஸ்ஸும் இல்ல.

யாழ்ப்பாண பஸ்ஸையும் பாரும். வவுனியா வழியா போறது உமக்குச் சரி. ஆனா அவன் முழுத்தூரச் சனத்தை ஏத்தத்தான் பாப்பான். வவுனியா எண்டதும் முகத்தைத் திருப்புவான், சீட் நிரம்பாட்டிக் கடைசி நேரத்தில கூப்பிடுவான். நல்லூர்த் திருவிழா நாளெண்டா அந்தப் பக்கம் எட்டியும் பாக்கவேண்டாம்.

இனி ஏறுற கதை. இதுதான் உமக்கு முக்கியம்.

பெரிய லேலண்ட் பஸ் எண்டா முதல் படி முழங்கால் உயரத்துக்கு நிக்கும், அம்மாவுக்குச் சிரமம். ரோசா மாதிரிச் சின்ன பஸ் எண்டா படி பதிவு. ஆனா அதில வேற கூத்து இருக்கு. நடுவால நடக்கிற இடத்தில மடக்குச் சீட் இருக்கும். பஸ் நிரம்பினதும் கொண்டக்டர் பின்னால இருந்து ஒவ்வொண்டா விரிச்சுக்கொண்டு வருவான். கடைசி மடக்குச் சீட்டும் விரிஞ்சா நடக்கிற பாதையே இருக்காது. பின்வரிசையில இருக்கிற ஆள் இறங்கவேணுமெண்டா முன்னால இருக்கிற ஒவ்வொருத்தரும் எழும்பிச் சீட்டை மடக்கி, குனிஞ்சு, பிறகு விரிச்சு, அது ஒரு சடங்கு. அதால ரோசாவெண்டா கதவுக்குக் கிட்டவே இருக்க வேணும். பெரிய பஸ்ஸெண்டா முன்கதவால ஏத்தி, ரெண்டாம் மூண்டாம் வரிசையில இருத்தும். முன்னுக்கு மதகுருமாருக்கெண்டு எழுதின சீட் இருக்கும், அதில இருத்தினா நடுவழியில ஒரு ஹாமதுரு, அதுதான் புத்த பிக்கு, ஏறினா எழும்ப வேண்டி வரும். சில்லுக்கு மேல இருக்கிற சீட்டும் வேண்டாம். அதில காலை மடிச்சு நாடி வரைக்கும் தூக்கி வைக்கவேணும், முழங்கால்காரருக்கு அது தண்டனை.

பஸ் தன்ர முறைக்கு முன்னுக்கு வந்து நிண்டு ஆள் ஏத்தத் தொடங்கின உடன ஏத்திப்போடும். வெளிக்கிட இன்னும் நேரம் கிடக்கெண்டு கீழ நிண்டு கதைச்சா, சன்னலால பேக்கையும் குடையையும் எறிஞ்சு சீட் பிடிக்கிற ஆக்கள் எங்கட ஊரில குறைவில்ல. கொண்டக்டரிட்ட முதலே சொல்லும், "அம்மாவுக்குக் கால் ஏலாது, அரை நிமிசம் கூட நிப்பாட்டுங்கோ" எண்டு. நல்லாச் சொன்னா நிப்பாட்டுவாங்கள். சாரதி அடிக்கிற ஹோர்னைப் பாத்து அவசரப்பட வேண்டாம், அது சும்மா பழக்கத்தில அடிக்கிறது.

கோயிலுக்கு பஸ் ஸ்டாண்டிலயே ஓட்டோ பிடியும். மீற்றர் எதிர்பாக்க வேண்டாம், ஏற முதல் விலை பேசும், "மேல கோயிலடி வரைக்கும், அங்க நிண்டு திருப்பிக் கொண்டுவந்து விடவேணும்" எண்டு சேத்துப் பேசும். பொதியெல்லாம் ஓட்டோவின்ர பின்பக்கம் கிடக்கலாம், நம்பரைப் போனில படமெடுத்து வையும். பிரட்றிக் கோட்டை வாசலால உள்ள ஏறிப் போகேக்க ரோட்டில மான் நிக்கும். அம்மாவுக்குச் சொல்லி வையும், ரவுனுக்குள்ளயும் நிக்கும், பஸ் ஸ்டாண்டிலயும் நிக்கும். புள்ளிமான் எண்டா காட்டில துள்ளுற சாமான் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு எங்கட மானைப் பாத்தாக் கவலை வரும். ரோல்ஸ் சுத்தின கடதாசியைத் தின்னும், கையில தொங்குற சொப்பிங் பேக்கை இழுக்கும். வாழைப்பழ அர்ச்சனைத் தட்டோட நிக்கேக்க கவனம்.

மத்தியானப் பூசை முடிஞ்சு நடை சாத்தினா பிறகு பின்னேரம்தான். ஆகவே உம்மட கணக்கு முழுக்க காலமை வாற பஸ்ஸிலதான் கிடக்கு. வாழைச்சேனையில முதல் பஸ்ஸை விட்டா இந்தத் திட்டத்தையே விடும். ஒரு இரவு திருகோணமலையில தங்கிப்போட்டு அடுத்தநாள் விடிய வவுனியா பஸ் எடும், அது இன்னும் சுகம். விடிய பஸ்ஸில சனமும் குறைவு, வெயிலும் குறைவு.

நாளும் பாத்துத் தெரிவு செய்யும். வெள்ளி பின்னேரமும் திங்கள் விடியவும் வேண்டாம். மாகாண சபைக் கந்தோர் எல்லாம் இஞ்ச, வேலை செய்யிற சனத்தில கனபேர் மட்டக்களப்பு, கல்முனை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு அந்த பஸ்ஸுகளில கால் வைக்க ஏலாது, திங்கள் காலமை உம்மட பக்கத்தில இருந்து வாற பஸ்ஸும் அப்பிடித்தான். போயா (பௌர்ணமி) லீவு வந்து நீண்ட லீவெண்டா கொழும்புச் சனம் நிலாவெளிக்கெண்டு வான் வானா இறங்கும். மேயில இருந்து இஞ்ச கடல் அமைதி, அதுதான் அவையின்ர சீசன். சிவராத்திரி முடிஞ்ச கையோட கோணேசர் நகர்வலம் வருவார். பாக்க வேண்டிய காட்சிதான், ஆனா வீட்டு வாசலெல்லாம் நிறைகுடமும் தெருவெல்லாம் சனமுமா இருக்கேக்க ஓட்டோக்காரன் எந்த ஒழுங்கையால கொண்டுபோவானெண்டு அவனுக்கே தெரியாது.

---

கிண்ணியா வான்காரன்:

தங்கச்சி, பெரியவர் பஸ்ஸைப் பத்தி எல்லாம் சொல்லிட்டார். காரைப் பத்தி நான் சொல்றேன், ஹயர் ஓடுறவன் நான். கிண்ணியாவில இருந்து ரவுனுக்கு ஒரு நாளைக்கு எத்தின தரம் போறேன் வாறேன் எண்டு எனக்கே கணக்கில்ல.

உங்கட மாப்பிள்ளைக்குச் சொல்லுங்க, பயப்பட ஒண்டுமில்ல. மூதூர் தாண்டி, கிண்ணியாப் பாலத்தால ஏறி, சீனக்குடாப் பக்கமா வந்து கண்டி ரோட்டைப் பிடிச்சா மட்கோ எண்ட இடம், அதுக்கு அங்கால அனுராதபுரச் சந்தி. இந்தச் சந்தியை மட்டும் மனசில வெச்சிக்கிட்டாப் போதும். வவுனியா போற ஏ12 ரோட்டு இதாலதான் கிளம்புது, ரவுனுக்குப் போறதும் இதாலதான். திருகோணமலை ரவுன் ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் கடல், நடுவில நீட்டிக்கிட்டு நிக்கிற நிலம். உள்ள போன வழியாலதான் வெளிய வரணும். கோயிலுக்குப் போகாம வவுனியாவுக்கு மட்டும் போற ஆளெண்டா ரவுனுக்குள்ள வரவே தேவையில்ல, சந்தியில அப்பிடியே கிறுகிப் போயிடலாம். இத மட்டக்களப்பு நம்பர் காருக்கு எத்தினையோ தரம் நடு ரோட்டில நிப்பாட்டிச் சொல்லிக் குடுத்திருக்கேன். கூகுள் மெப்பைப் பாத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குள்ள போய் மாட்டிக்கிட்டு நிப்பாங்க.

ரவுனுக்குள்ள ரெண்டு நேரம் தவிருங்க. காலைல பள்ளிக்கூடம் தொடங்குற நேரம், பின்ன ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடுற நேரம். நீங்க கோயில் முடிச்சுக் கீழ இறங்குறதும் அந்த ஒண்டரையும் சரியாச் சந்திக்கும், அதுதான் எனக்கு யோசனை. ஒண்டுல பன்னிரண்டரைக்கே சந்தியத் தாண்டுங்க, இல்லாட்டி ரவுனிலயே சோத்தச் சாப்பிட்டு ரெண்டரைக்குக் கிளம்புங்க. நடுவில கிளம்பினா ஸ்கூல் வான், ஓட்டோ, சைக்கிள், எல்லாத்துக்கும் நடுவில மான். மான் வழி விடாது. ஹோர்ன் அடிச்சாலும் திரும்பிப் பாத்துட்டு நிக்கும்.

கோயில் மலைக்குக் கார் ஏறும். சனம் கூடின நாளெண்டா கோட்டை வாசலிலயே மறிச்சாலும் மறிப்பாங்க, அப்ப காரைக் கீழ விட்டுட்டு உம்மாவ ஓட்டோவில ஏத்துங்க.

வவுனியா ரோட்டில கன்னியா வெந்நீர்க் கிணறு பக்கத்திலதான், ரவுனில இருந்து எட்டுக் கிலோமீற்றர் வரும். முழங்காலுக்கு நல்லமெண்டு சனம் ஊத்திக் குளிக்கும். ஏழு கிணறு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு. காரில வந்தா இத ஒரு லாபமாச் சொல்லலாம், பஸ்ஸில வந்தா இறங்கி ஏற ஏலாது. அதுக்கு அங்கால பன்குளம், மொறவெவ, ஹொரவப்பொத்தான. பெற்றோல் திருகோணமலையிலயே அடிச்சிக்கிட்டுப் போங்க. பொழுது படுறதுக்குள்ள வவுனியா சேந்திடணும். யானை ரோட்டுக்கு ஏறினா லைட்ட அடிச்சு விளையாட்டுக் காட்டாம, தூரமா நிப்பாட்டி, பின்னுக்கு எடுக்க இடம் வெச்சிக்கிட்டு நில்லுங்க.

என்னைக் கேட்டா உம்மாட காலுக்குக் கார்தான். எண்டாலும் கூட்டாளிட கார் எண்டீங்க, இன்சூரன்ஸ், ரெவனியூ லைசன்ஸ் எல்லாம் உள்ளுக்குக் கிடக்கா எண்டு பாத்துட்டு எடுங்க. வழியில மறிச்சுக் கேட்டா கூட்டாளிக்குக் கோல் எடுத்துக்கிட்டு நிக்க ஏலாது.

---

பழைய ரிக்கெட் புத்தகம்:

வான்காரத் தம்பி சொன்னதில ஒண்டுக்கும் எதிர்க்கதை இல்ல. கிண்ணியாப் பாலத்தால இப்ப எல்லாரும் ஊதிக்கொண்டு போறாங்கள். 2009இல பாலம் திறக்கிறதுக்கு முதல் அதிலதான் பாதை, வாகனம் ஏத்துற மிதவை, ஓடினது. பஸ் வந்து வரிசையில நிண்டு, சனத்தை இறக்கி, பாதையில ஏத்தி, அக்கரையில திருப்பி ஏத்தி. மூதூருக்கு லோஞ்சில போனவையும் கனபேர். சண்டைக் காலத்தில மட்டக்களப்புச் சனம் கரையோரத்தால வர ஏலாம ஹபரணயால சுத்தித்தான் வந்தது. இப்ப வெருகலால நேர வந்து இறங்கிப்போட்டு ஏசி இல்லையெண்டு முறைப்பாடு வைக்கினம். வைக்கட்டும், நல்லதுதான்.

ஆனா ஒண்டு. கார் எண்டா ஓட்டுறவர் புதுசு, ரோட்டு புதுசு, பொழுதும் சாயும். பஸ் எண்டா அம்மாவுக்கு ரெண்டு தரம் ஏறுறது, ரெண்டு தரம் இறங்குறது, அவ்வளவுதான். அதைத் தாங்கலாமோ எண்டு அம்மாவையே கேளும். எங்களைக் கேட்டா அவரவர் தொழிலைத்தான் சொல்லுவம்.

---

வன்னி வெயில்:

நான் வவுனியா. அக்கா குருமன்காடு எண்டீங்கள். வவுனியாவில பழைய பஸ் நிலையம் வேற, புது பஸ் நிலையம் வேற. கூட்டிக்கொண்டு போக வாற ஆள் ஒண்டிலயும் நீங்கள் மற்றதிலயும் நிக்கிற கூத்து இஞ்ச அடிக்கடி நடக்கும். பஸ் ஏறின உடன கொண்டக்டரிட்டக் கேட்டு, எங்க இறக்குவான் எண்டதை அக்காவுக்குச் சொல்லிவிடுங்கோ. ரவுனுக்குள்ள வரேக்க இன்னொருக்கா கோல் எடுங்கோ.

---

கல்குடாக் காத்து:

எல்லாருக்கும் பெரிய உபகாரம். அம்மாட்டக் கேட்டன். "காரில போனா உன்ட புருசன் வழி முழுக்க ரேடியோ போடுவான், பஸ்ஸிலயே போவம்" எண்டுட்டா. வான்காரண்ணன் மன்னிக்கணும். ஒரு நாள் தங்கி விடிய பஸ் எடுக்கிறதெண்டு முடிவு, ஐயா சொன்ன மாதிரி. செவ்வாய்க்கிழமை வாறம்.

இன்னும் ரெண்டு கேள்வி. பஸ் ஸ்டாண்டில கக்கூஸ் எப்பிடி? மற்றது, அக்காவுக்கு ரெண்டு சட்டி எருமைத் தயிர் கொண்டு போகணும். மண் சட்டி. பஸ்ஸில ஏத்துவாங்களா?

---

பழைய ரிக்கெட் புத்தகம்:

கக்கூஸ் இருக்கு, சில்லறை கையில வைச்சிரும். ஆனா அம்மாவுக்கு அது வேண்டாம், குந்துறது கஷ்டம். தங்கிற இடத்திலயே முடிச்சுப்போட்டு வெளிக்கிடும். இடையில அவசரமெண்டா வெக்கப்படாமக் கொண்டக்டரிட்டச் சொல்லும், ஹொரவப்பொத்தானயில ஒரு சாப்பாட்டுக் கடைப் பக்கம் நிப்பாட்டச் சொல்லலாம்.

தயிர் ஏத்துவாங்கள். பின் டிக்கியில போடவேண்டாம், மேல பேக் வைக்கிற தட்டிலயும் வேண்டாம், முதல் பிரேக்கில கீழ இருக்கிறவற்ற தலையில அபிஷேகம். முன்னுக்கு எஞ்சின் பெட்டிக்கு மேல இடம் காலியா இருக்கும், "இதில வையுங்கோ அக்கா" எண்டு சாரதியே சொல்லுவான். அதிலயும் வைக்கவேண்டாம், சூட்டில வவுனியா போக முதலே புளிச்சுத் தண்ணி விட்டிரும். வாயைக் கடதாசியால மூடிக் கட்டி, சட்டி ரெண்டையும் பன் புல்லில இழைச்ச ஒரு பேக்கில நேரா வைச்சு, இடையில பழைய சீலைத்துண்டு ஒண்டை அடைஞ்சு, உம்மட காலுக்கு நடுவில வைச்சிரும். அம்மாட காலடியில வேண்டாம்.

---

கிண்ணியா வான்காரன்:

செவ்வாய் தங்குறீங்க எண்டா ஒரு சட்டி கூடக் கொண்டு வாங்க தங்கச்சி. பஸ் ஸ்டாண்டில வந்து வாங்கிக்கிறேன், காசு தருவேன்.